குருளைச் சாரணர் மாதாந்த ஒன்றுகூடல்: வாசலில் மறித்துக் கேட்கப்பட்ட கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையின் குருளைச் சாரணரோடு, அதாவது சாரணியத்தின் சின்னப் பிள்ளைகள் பிரிவோடு, ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். மாதம் ஒருமுறை பிள்ளைகளையும் வீட்டாரையும் சேர்த்து ஒன்றுகூடல் நடத்துகிறோம். ஒவ்வொரு தை மாதமும் புதிய பெற்றோர் வருவார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல்வரை கூடவே வந்து அதே கேள்விகளைக் கேட்பார்கள். வேறு பாடசாலைகளில் புதிதாகப் பொறுப்பெடுத்த ஆசிரியர்களும் தொலைபேசியில் அவற்றையேதான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே இயன்றவரை எழுதியிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை, சாரணர் சங்கத்தின் சுற்றறிக்கை அல்ல.

பிள்ளை ஒவ்வொரு கிழமையும் பயிற்சிக்கு வருகிறான்தானே ரீச்சர், பிறகு எதற்கு இந்த மாதக் கூட்டம்?

கிழமைப் பயிற்சியில் பிள்ளை முடிச்சுப் போடப் பழகுகிறான். வீட்டில் அதைப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. மாதத்தில் ஒருநாள் அம்மா, அப்பா, அம்மம்மா எல்லோரும் ஓரிடத்தில் இருந்து அதைப் பார்க்கவும், தாங்களும் கயிற்றைப் பிடித்துச் சிக்கிக்கொள்ளவும்தான் இது.

சாரணியத்தைத் தொடக்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில் முதற் பாசறையை நடத்தினார். 1912இல் சாரணியம் மாத்தளை வழியாக இலங்கைக்கு வந்துவிட்டது. அண்ணன்மாரின் பின்னால் வந்து நின்று தங்களையும் சேர்க்கச் சொன்ன சின்னவர்களுக்காக 1916இல் குருளையர் பிரிவு முறையாக அமைந்தது. ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' என்ற காட்டுக் கதையிலிருந்து ஓநாய்க் கூட்டமும் அதன் தலைவன் அகேலாவும் அப்போது வந்தவைதான். பிள்ளைகள் என்னையும் அகேலா என்றே அழைப்பார்கள். குடும்பத்தோடு மாதம் ஒருமுறை கூடுவது அமெரிக்கக் குருளையரின் வழக்கம். அங்கே சிறு குழுக்கள் தனித்தனியே பழகும், மாதம் ஒருநாள் முழுக் கூட்டமும் வீட்டாரோடு சேரும். அந்தச் சட்டையை வாங்கி நம் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டோம்.

எந்த நாள், எத்தனை மணி? சனி ஞாயிறு என்றால் ரியூசன் இருக்கிறதே.

யாழ்ப்பாணத்தில் ரியூசன் இல்லாத நேரம் என்று ஒன்று இல்லை. எல்லோருக்கும் ஏற்ற நாளைத் தேடுவதை நான்காவது மாதத்திலேயே கைவிட்டேன். இரண்டாவது சனிக்கிழமை, பின்னேரம் நாலரை என்று வைத்தோம். தை மாதத்திலேயே பன்னிரண்டு திகதிகளையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் வீட்டார் ரியூசன் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். வசதியில்லாத நாளுக்குக்கூட ஆட்கள் பழகிவிடுவார்கள். மாறிக்கொண்டே இருக்கும் நாளுக்குத்தான் ஒருவரும் வருவதில்லை.

மொத்தம் எழுபத்தைந்து நிமிடம். சித்திரையில் நாலரைக்கும் நிலம் சுடும், ஐந்துக்குத் தள்ளுங்கள். மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், நாலுக்குத் தொடங்குங்கள். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாட்கள் நடக்கும். வீதிகள் மறிக்கப்பட்டிருக்கும், பாதிக் குடும்பம் கோயிலில் நிற்கும். அந்த ஒரு திகதியை மட்டும் பஞ்சாங்கத்தைப் பார்த்து நகர்த்துகிறோம்.

எங்களிடம் மண்டபம் இல்லை. எங்கே கூட்டுவது?

மண்டபம் இல்லாதது உங்கள் அதிர்ஷ்டம். மண்டபம் என்றால் மேடை இருக்கும், மேடை இருந்தால் ஒலிவாங்கி வரும், ஒலிவாங்கி வந்தால் யாராவது பேசியே தீருவார். பாடசாலை வளவில் ஒரு வேப்பமர நிழல் போதும். அதிபரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சனசமூக நிலையத்து முற்றமும் நல்லது. தண்ணீரும் மலசலகூடமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிணற்றுக்கட்டு தாழ்வாக இருந்தால் ஒரு பெரியவரை அங்கேயே நிறுத்துங்கள், அவருக்கு அன்று வேறு வேலை கொடுக்க வேண்டாம்.

நிகழ்ச்சி நிரல் ஒன்று தாருங்கள், அப்படியே பார்த்து நடத்துகிறோம்.

நேரத்துக்கு முன்பே வந்துவிடும் பிள்ளையின் கையில் உடனே ஏதாவது கொடுக்க வேண்டும். சும்மா நிற்கும் ஐந்து நிமிடத்தில்தான் முதல் சண்டை பிறக்கும். பிறகு கொடியேற்றம், உறுதிமொழி, வட்டமாகக் குந்தியிருந்து குருளையர் எழுப்பும் பெருங்கூச்சல். அந்தக் கூச்சலைக் கேட்டதும் வீதியால் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதுவே எங்கள் விளம்பரம். அடுத்து ஓடியாடும் விளையாட்டு ஒன்று. களைத்து இருந்ததும் ஒவ்வோர் அணியும் அந்த மாதம் பழகியதை மூன்று நிமிடத்தில் காட்டும். பிறகு பெரியவர்களும் சேரும் விளையாட்டு, சின்னம் அணிவித்தல், சிற்றுண்டி, கொடியிறக்கம்.

அறிவித்தலுக்கு இரண்டே நிமிடம், மீதியைத் தாளில் கொடுங்கள். பிள்ளைகள் இருந்து கேட்கும் நேரம் ஒரே தொடராக ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. இந்த ஒரு விதியைக் காப்பாற்றினால் மற்றதெல்லாம் எப்படிக் குழம்பினாலும் சமாளிக்கலாம்.

மங்கல விளக்கு, வரவேற்புரை, நன்றியுரை ஒன்றும் இல்லாமல் அது என்ன நிகழ்ச்சி?

முதலாவது ஆண்டு நாங்களும் அப்படித்தான் செய்தோம். விளக்கேற்ற ஐந்து பேரை அழைத்தோம். காற்றுக்கு மூன்றாவது திரி மூன்று தரம் அணைந்தது. வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை. ஐம்பது நிமிடம் கழித்து நான் பின்வரிசைக்குப் போய்ப் பார்த்தபோது நான்கு குருளையர் தங்கள் கழுத்துத் துணிகளைக் கழற்றி ஐந்தாமவனைக் கதிரைக் காலோடு கட்டியிருந்தார்கள். முடிச்சு மட்டும் பிழையில்லாமல் இருந்தது.

விழா வேறு, ஒன்றுகூடல் வேறு. விளக்கும் உரையும் ஆண்டுவிழாவுக்கு இருக்கட்டும். பிள்ளைகளின் ஒன்றுகூடலில் பெரியவர்களின் மரியாதைக் கணக்கைத் தீர்க்கக்கூடாது என்பது என் பிடிவாதம். இதனால் சிலர் என்னோடு கதைப்பதில்லை.

ஊர்ப் பெரியவர் ஒருவர் தானாகவே வந்துவிட்டார். அவரைச் சும்மா இருத்திவைக்க முடியுமா?

முடியாது, இருத்திவைக்கவும் கூடாது. வேலை கொடுங்கள். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் பேசத் தயாராகத்தான் வந்தார். வெறும் பிஸ்கட் தகரம் ஒன்றையும் கரண்டியையும் கொடுத்து, அந்தக் காலத்தில் தந்தி எப்படி அடித்தீர்கள் என்று கேட்டோம். தட்டிக் காட்டினார். அன்று வீட்டுக்குப் போன பிள்ளைகள் இரவு முழுவதும் கோப்பையில் தட்டிக்கொண்டிருந்ததாக அம்மாமார் முறையிட்டார்கள். அரசியல்வாதி வந்தால் பெற்றோரோடு பாயில் இருக்கலாம். சாரணியம் கட்சி சாராதது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். தேர்தல் காலத்தில் சிரிக்காமல் சொல்லுங்கள்.

பெற்றோர் கதிரையை விட்டு எழும்பமாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

கதிரை போடாதீர்கள். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு ஆறு கதிரை, மற்றவர்களுக்குப் பனையோலைப் பாய். பாயில் இருப்பவரை எழுப்புவது எளிது.

பிறகு அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விளையாட்டைக் கொடுங்கள். கிளித்தட்டுக்குக் கோடு கீறத் தொடங்கினாலே அப்பாமார் நெளிவார்கள். கோடு கோணல் என்று ஒருவர் எழுந்து வருவார், தட்டு அகலம் காணாது என்று இன்னொருவர். அவ்வளவுதான், இருவரும் உள்ளே. மறித்துப் பிடிக்கும் கிளியாக நிற்க ஓர் அப்பாவை விடுங்கள். தட்டுக்குத் தட்டு பாய்ந்து தப்புவது பிள்ளைகளாக இருக்கட்டும்.

ஓடமுடியாதவர்களுக்குக் கிம் விளையாட்டு. தட்டில் இருபத்துநான்கு பொருள்களைப் பரப்பி, ஒரு நிமிடம் பார்க்கவிட்டு, துணியால் மூடி, நினைவிலிருந்து சொல்லச் சொல்வது. நான் ஊமல் (காய்ந்த பனங்கொட்டை), சோகி, தீப்பெட்டி, பாக்குவெட்டி, சங்கு, பழைய ஐந்து சதம் என்று வைத்தேன். வெற்றிலைப் பையோடு வந்திருந்த ஓர் அம்மம்மா இருபத்திரண்டு சொன்னார். பேரன் பதினான்கு, பாக்குவெட்டியைப் பார்த்திருந்தான், பெயர்தான் தெரியவில்லை. கையால் வெட்டுவதுபோலக் காட்டி, "அம்மம்மாவின்ர அது" என்றான். அரைப் புள்ளி கொடுத்தோம்.

என் மகனுக்கு மூன்று மாதமாக ஒரு சின்னமும் இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் கிடைக்கிறது. இது என்ன கணக்கு?

சின்னம் முடித்த வேலைக்குத்தான். இரங்கிக் கொடுத்த சின்னத்தைப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடுவான். அதற்குப் பிறகு உண்மையான சின்னத்துக்கும் மதிப்பிருக்காது. என்ன மிச்சம் இருக்கிறது என்பதை அணித்தலைவனிடமே கேளுங்கள், அட்டவணை வாசலில் தொங்குகிறது.

ஆனால் உங்கள் மனத்தாங்கலில் நியாயமும் இருக்கிறது. அதனால் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் நான்கைந்து பிள்ளைகளைப் பற்றி ஆளுக்கொரு வசனம் எல்லோர் முன்னாலும் வாசிப்பேன். "மழை வந்தபோது கொடியை நனையவிடாமல் சட்டைக்குள் சுருட்டி வைத்தான்" என்பதுபோல, கண்ணால் கண்டது மட்டும். மூன்று மாதத்துக்குள் எவருடைய பெயரும் விடுபடக்கூடாது. சின்னத்தை நான் குத்துவதில்லை, வீட்டிலிருந்து வந்தவரின் கையில் கொடுத்துவிடுவேன். ஊசி குத்தத் தெரியாமல் அப்பாமார் தடுமாறும் அந்த அரை நிமிடத்தில் ஒருவரும் கதைப்பதில்லை.

இவ்வளவு சத்தத்தை எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறீர்கள்? அடக்க வழி இல்லையா?

நான் ஒரு கையை உயர்த்தினால் பார்த்தவரும் கையை உயர்த்தி வாயை மூட வேண்டும். பிள்ளைகள் பத்து நொடியில் அடங்கிவிடுவார்கள். பாயில் இருந்து சீதனம் கதைக்கும் பெரியவர்களுக்குத்தான் நேரம் எடுக்கும்.

சிற்றுண்டிக்கு என்ன? கேக்கும் சோடாவும் போதுமா?

அவித்த கடலை, மரவள்ளிக்கிழங்கும் சம்பலும், பனங்கட்டியோடு வெறுந்தேநீர், வெயில் காலத்தில் தேசிக்காய்த் தண்ணீர். எப்போதும் சைவம்தான். எந்தச் சனிக்கிழமையைப் பிடித்தாலும் யாரோ ஒருவருக்கு விரதம் இருக்கும். கேக் என்றால் முட்டை உண்டா என்ற விசாரணை தொடங்கும். நிலக்கடலை ஒவ்வாத பிள்ளை இருக்கிறதா என்று ஆண்டுத் தொடக்கத்தில் எழுத்தில் கேட்டு வைத்திருங்கள்.

அணிகள் முறைவைத்துக் கொண்டுவரும். இரண்டு வகைக்கு மேல் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்ட ஆண்டு, மாதத்துக்கு ஒரு பலகாரம் கூடி, ஐப்பசியில் அது கலியாண வீட்டுப் பந்தியாகிவிட்டது. முறை வந்தபோது இரண்டு குடும்பங்கள் வராமலே நின்றுவிட்டன. காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

செலவுக்கு ஆளுக்கு எவ்வளவு?

தொகை குறிப்பதில்லை. மூடியில் துளையிட்ட பால்மாத் தகரம் வாசலில் இருக்கும், பக்கத்தில் ஒருவரும் நிற்கமாட்டார்கள். கணக்கை அடுத்த மாதம் அதே இடத்தில் ஒட்டிவிடுவோம். ஒருமுறை உள்ளே சட்டைப் பொத்தான் ஒன்று இருந்தது. அதையும் கணக்கில் எழுதினோம்.

மகன் ஐந்தாம் ஆண்டு. புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை நிறுத்திவைக்கட்டுமா?

உங்கள் முடிவு. கிழமைப் பயிற்சியை வேண்டுமானால் விடுங்கள், மாத ஒன்றுகூடலை மட்டும் விடாதீர்கள் என்பேன். மாதத்தில் எழுபத்தைந்து நிமிடத்தால் வெட்டுப்புள்ளி கைநழுவிப் போனதை நான் காணவில்லை. ஐந்தாம் ஆண்டில் நின்ற பிள்ளை ஆறாம் ஆண்டில் வேறு பாடசாலைக்குப் போய்விடுவான், திரும்பி வருவது அரிது.

மகனுடைய அப்பா கனடாவில். 'தந்தையும் மகனும்' போட்டி என்றால் பிள்ளை தனியாக நிற்கிறான் ரீச்சர்.

அந்தப் பெயரை நாங்கள் இப்போது பாவிப்பதில்லை. பாவித்த ஒரே நாளில் ஒரு பிள்ளை கிணற்றடிக்குப் போய், நிறைந்திருந்த வாளிக்குள் மேலும் மேலும் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றான். அவன் அப்பா வெளிநாட்டில் இல்லை, இறந்தவர். எனக்கு அது தெரியும், பெயர் வைத்தபோது நினைக்கவில்லை. இப்போது எல்லாப் போட்டியும் 'ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும்'. மாமா வரலாம், அம்மம்மா வரலாம், மூத்த சாரண அண்ணா வரலாம். ஒருவரும் வராத பிள்ளைக்குத் துணையாக இரண்டு மூத்த சாரணரை எப்போதும் கூப்பிட்டு வைக்கிறோம்.

தொலைபேசியில் அப்பா பார்க்கலாம். நமக்குப் பின்னேரம் நாலரை என்றால் ரொறன்ரோவில் கோடையில் காலை ஏழு, குளிர்காலத்தில் ஆறு. அந்தப் பிள்ளையின் அணி காட்டும் மூன்று நிமிடத்துக்கு மட்டும் அழையுங்கள். ஒன்றுகூடல் முழுவதும் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் அம்மாவும் அங்கே இல்லாதவர்தான்.

தேவாரம் பாடுவதா, ஜெபம் செய்வதா?

எங்களிடம் சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு நிமிட மௌனம், அவரவர் தங்கள் முறையில். முதலில் சில பெற்றோருக்கு இது காணாது என்றிருந்தது. முப்பது பிள்ளைகள் ஒரு நிமிடம் வாய்திறக்காமல் நின்றதைக் கண்டபின் ஒருவரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு மாதமும் புதிதாக என்னத்தைச் செய்வது? மூன்று மாதத்தில் சரக்குத் தீர்ந்துவிடுகிறது.

பருவத்தைப் பாருங்கள், அது கொண்டுவந்து தரும். தையில் பட்டம். வல்வெட்டித்துறையில் பொங்கலன்று பெரும் பட்டங்கள் ஏறுவதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்குப் பட்டத்தில் கூவும் விண் கட்டப் பழக்க ஒரு பெரியப்பா கிடைக்காமலா போவார்? பெப்ரவரி 22 பேடன் பவலின் பிறந்தநாள், பனங்கிழங்கும் கிடைக்கும் காலம். சித்திரையில் தேங்காயைத் தேங்காயால் அடித்து உடைக்கும் போர்த்தேங்காய். ஆடியில் கூழும் கொழுக்கட்டையும். கார்த்திகையில் விளக்கீடு.

குருநகர்ப் பக்கத்து அப்பப்பா ஒருவர் வலை பின்னிக் காட்ட வந்தார். தடித்த கயிற்றோடு மெல்லிய கயிற்றைச் சேர்க்க நாங்கள் பழக்கும் முடிச்சும் வலைக்கண்ணின் முடிச்சும் ஒன்றேதான். நான் புத்தகத்தைப் பார்த்துப் பழக்கியதை அவர் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். பேரன் அன்று அவருக்குப் பக்கத்தை விட்டு அசையவில்லை.

கார் ஓட்டப்போட்டி என்று அமெரிக்காவில் நடத்துகிறார்களாமே, நாங்களும் நடத்தலாமா?

மரக்கட்டையில் சிறு கார் செதுக்கிச் சரிவில் உருட்டும் போட்டி அது. கலிபோர்னியாவில் ஒரு குருளைச் சாரணத் தலைவர் 1953இல் தொடக்கினார். அவருடைய மகனுக்குப் பெரிய பிள்ளைகளின் வண்டியோட்டத்தில் சேர வயது காணவில்லை. நமக்குக் கட்டையும் தண்டவாளமும் எதற்கு? வைகாசி ஆனியில் நுங்கு குடித்தால் கோம்பை மிச்சம். இரண்டு கோம்பையை ஒரு தடியில் கோத்து, கவைத்தடியால் தள்ளினால் வண்டில் தயார்.

அங்கேயும் இங்கேயும் ஒரே வருத்தம், அப்பாமார் செய்து கொடுத்துவிடுவார்கள். அதனால் வண்டிலை ஒன்றுகூடலிலேயே, இருபது நிமிடத்துக்குள் பிள்ளை செய்ய வேண்டும். கத்தி பிடிப்பது மட்டும் பெரியவர். கடைசியில் அப்பாமாருக்கும் ஓர் ஓட்டம் வையுங்கள், இல்லாவிட்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

பாசறைத் தீ மூட்டலாமா? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஆண்டுக்கு இரண்டு தடவை மூட்டுகிறோம். காவோலையை, அதாவது காய்ந்த பனையோலையை, குவிக்காதீர்கள். குப்பென்று ஆளுயரம் எழும்பும், பொறி பறக்கும், இரண்டு நிமிடத்தில் சாம்பல். பற்றவைக்க ஓர் ஈர்க்கு ஓலை போதும். நின்று எரிய ஊமலும் காய்ந்த விறகும். இரண்டு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும். வேலி கிடுகென்றால் அந்த வளவில் தீயே வேண்டாம். நடுவில் ஓர் அரிக்கன் விளக்கு வைத்துப் பாடுங்கள்.

மழை பெய்தால்?

கார்த்திகையில் பெய்யத்தான் செய்யும். வகுப்பறைக்குள் கிம் விளையாட்டும் முடிச்சும். இரத்துச் செய்வதில்லை, ஏன் என்பதை நாள் பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன்.

படம் எடுத்து முகநூலில் போடலாமா?

உங்கள் பிள்ளையின் படம் உங்கள் உரிமை. பின்னால் நிற்கும் மற்றப் பிள்ளையின் முகம் உங்களுடையது அல்ல. எழுத்தில் சம்மதித்தவர்களின் பிள்ளைகளை மட்டும், பெயரும் பாடசாலையும் குறிப்பிடாமல் போடுகிறோம். ஒரு குடும்பம் முடியாது என்றால் காரணம் கேட்பதில்லை.

ஒரு அப்பா வேறொருவரின் பிள்ளைக்குக் கை நீட்டிவிட்டார். இரண்டு வீட்டாரும் தெரிந்தவர்கள். எப்படித் தீர்ப்பது?

அந்த இடத்திலேயே பிள்ளையை அப்பால் அழைத்துப் போங்கள், அடித்தவரை வெளியே அனுப்புங்கள். "சொந்தக்காரர்தானே" என்று எவராவது சமாதானம் பேச வருவார், பேச விடாதீர்கள். அன்றே இரு வீட்டாருக்கும், அதிபருக்கும், சங்கத்தில் உங்களுக்கு மேலுள்ளவருக்கும் அறிவியுங்கள். நடந்ததை எழுதித் திகதியிட்டு வையுங்கள். இதைவிடப் பெரிய சந்தேகம் என்றால் நீங்களே விசாரிக்கத் தொடங்காமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

எந்தப் பெரியவரும், நான் உட்பட, ஒரு பிள்ளையோடு தனியாக ஓர் அறையில் இருப்பதில்லை. எப்போதும் இருவர். பிள்ளையை யார் கூட்டிப்போவது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. சுளிக்கட்டும்.

நீங்கள் வரமுடியாமல் போனால் அந்த மாதம் விட்டுவிடலாமா?

போன ஆண்டு எனக்கு டெங்கு. பத்து நாள் வைத்தியசாலையில். நிறுத்திவிடுங்கள் என்று செய்தி அனுப்பினேன், ஆனால் வாட்ஸ்அப்பை ஒருவரும் பார்க்கவில்லை. திகதித் தாள்தான் எல்லோர் வீட்டுச் சுவரிலும் இருந்தது. நாலரைக்கு வந்துவிட்டார்கள். பத்து வயது அணித்தலைவன் கொடியை ஏற்றினான், தலைகீழாக. இறக்கி மறுபடி ஏற்றினான். பாக்குவெட்டி அம்மம்மா அகேலாவாக நின்றார். பெருங்கூச்சல் எழும்பியபோது காதைப் பொத்திக்கொண்டாராம். பதினைந்து நிமிடம் முன்னதாகவே முடிந்துவிட்டது, அறிவித்தல் செய்ய ஆள் இல்லாததால்.